ஆப்பு வைத்த கண்ணாடி

ரேஷன் கார்டு எங்கே, காஸ் புத்தகம் எங்கே, வீட்டு வரி ரசீது எங்கே என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். காரின் ஆர்.சி. புத்தகம் மட்டும் என் கணக்கில் வராத காகிதம். அது இவருடைய இலாகா என்று விட்டுவிட்டேன். இவரோ, வண்டியில் பெட்ரோல் இருந்தால் போதும், வேறென்ன வேண்டும் என்கிற ரகம்!

2025 மே மாதம் வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காக என் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது, டி.வி. போட்டால் தூக்கம் வருகிறது. பொழுது போகாமல் ஒரு நாள் மரப்பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களை எல்லாம் அடுக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் கேட்டாள்.

"அம்மா, நம்ம கார் பதிவு ஜூலை பதினாலோட முடியுது. தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியாது. அவள் அப்பாவுக்கும் தெரியாது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கிற காருக்குப் பதிவு பதினைந்து வருஷத்துக்குத்தானாம். அதற்குப் பிறகு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். நாங்கள் வண்டி வாங்கியது 2010 ஜூலையில். மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பதினைந்து வருஷம் போனதே தெரியவில்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியதற்குக் காரணம் வேறு. டாக்டரம்மா பிரசவத்துக்குச் சொல்லியிருந்த தேதி ஜூலை பதினெட்டு. எங்கள் ஊரிலிருந்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் பதினேழு கிலோ மீட்டர். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பஸ் கிடையாது. இவருக்கு நெல் மண்டியில் கணக்கு வேலை. வீட்டுக்கு வரும் நேரம் அவருக்கே தெரியாது. நான் 2017-ல் பிடிவாதமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே இந்த மாதிரி ஒரு ராத்திரிக்காகத்தான். பதிவு முடிந்த வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. எடுத்து, ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடலாம்.

சரி, புதுப்பித்துவிட்டால் போகிறது என்று நினைத்தோம். தேதி முடிவதற்கு அறுபது நாள் முன்பிருந்தே மனுப் போடலாம். படிவம் 25 என்று பெயர். பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர் பையன் எல்லாவற்றையும் பதிவு செய்து கொடுத்தான். கட்டணத்தைப் பார்த்ததும் இவர் முகம் சுருங்கிவிட்டது. 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆக்கிவிட்டார்களாம். பசுமை வரி தனி. தேதி தாண்டிப் போனால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இன்ஷூரன்ஸ், மாசுச் சான்று எல்லாம் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். ஹாரன் அடித்துப் பார்த்தோம். விளக்கெல்லாம் எரிகிறதா என்று பின்னால் நின்று மகள் பார்த்துச் சொன்னாள். வைப்பர் ரப்பரைப் புதிதாக மாற்றினார். வண்டியை நானே குளிப்பாட்டினேன்.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் எங்கள் இருவர் ஞாபகத்துக்கும் வரவேயில்லை.

அந்தக் கண்ணாடியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். முன் வருஷம், 2024 ஐப்பசி மழையில், ஒரு நாள் சாயங்காலம் பட்டனை அழுத்தினேன். கதவுக்குள்ளே 'கிர்ர்' என்று சத்தம் வந்தது. 'டொக்' என்று ஏதோ அறுந்தது. ஏறிக்கொண்டிருந்த கண்ணாடி கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி கதவுக்குள் இறங்கிவிட்டது. மழை சாரல் என் தோளை நனைக்க வீடு வந்து சேர்ந்தேன். இவர் இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அழுத்தி மேலே இழுத்து, கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு மர ஆப்பைச் செதுக்கி வைத்து, அம்மிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணாடி அசையாமல் நின்றது. "பார்த்தியா, பத்துப் பைசா செலவில்லாம முடிச்சாச்சு" என்றார். பொங்கல் கழிந்து பார்க்கலாம் என்றோம். பொங்கல் வந்தது, போயிற்று.

பழகிவிட்டது, அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்கக் கதவைத் திறந்தேன். இளநீர்க்காரரிடம் விலை கேட்கக் கதவைத் திறந்தேன். ரெயில்வே கேட்டில் நின்றால், புழுங்கப் புழுங்க உட்கார்ந்திருந்தேன். வீட்டில் ஒரு குழாய் ஒழுகினால் அதன் வாயில் துணியைச் சுற்றிவிட்டு, பிறகு அந்தத் துணியையே துவைத்துத் துவைத்து மாற்றிக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி.

ஜூன் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்களுக்கு நாள் கிடைத்தது. செவ்வாயா என்று மனசு கொஞ்சம் இழுத்தது. அரசாங்கத்துக்கு ஏது செவ்வாய், வெள்ளி! இவருக்கு மண்டியில் லோடு வந்துவிட்டதால் நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். லாரி, டிராக்டர், பள்ளிக்கூட வேன், எங்களுடையதைப் போல நரைத்துப்போன சின்னக் கார்கள் எல்லாம் வரிசையில் நின்றன. வரிசையில் பெண் என்று நான் ஒருத்திதான். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வந்து, "அம்மா, ரெண்டாயிரம் கொடுத்தீங்கன்னா வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம், நான் முடிச்சுத் தர்றேன்" என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, எதற்குக் கொடுக்க வேண்டும் என்று நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அப்போது எனக்கு இருந்த கர்வம் கொஞ்சமில்லை!

சோதனை செய்ய வந்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். எனக்கு முன்னால் நின்ற காரின் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் எழுபது சதவீத வெளிச்சம், பக்கக் கண்ணாடியில் ஐம்பது சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்று சட்டம் இருப்பதைச் சொல்லி, உரித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நம் வண்டியில் அந்த வம்பெல்லாம் இல்லை என்று நான் சந்தோஷமாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஒரு பையன் வண்டியின் அடி எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தான், நாம் சின்ன வயசில் நாலணாக் காசைத் தேய்த்து எடுப்போமே அதைப் போல. டயர், விளக்கு, பிரேக், சீட் பெல்ட் எல்லாம் பார்த்து முடித்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா கையெழுத்துப் போடப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு என்ன தோன்றியதோ, "கண்ணாடியை இறக்குங்கம்மா" என்றார்.

நான் இடது பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"அது இல்லை. உங்க பக்கம்."

"ஃப்யூஸ் போயிருக்கு மேடம்" என்றேன். வாயில் வந்த பொய்.

அவர் குனிந்து பார்த்தார். ஆப்பு தெரிந்தது. மழையிலும் வெயிலிலும் கறுத்து, கதவோடு கதவாக ஊறிப் போயிருந்தது. "இது என்ன?" என்றார். நான் பேசவில்லை. "சரி, இதை எடுத்துட்டுக் கண்ணாடியை இறக்குங்க, பார்ப்போம்."

இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நகம் மடங்கியது. புடைவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு இழுத்தேன். இல்லை. பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. இன்ஸ்பெக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பக்கத்து வேன் டிரைவருக்கு இரக்கம் வந்து ஸ்குரூ டிரைவரோடு வந்து நெம்பினார். ஆப்பு தெறித்து என் மடியில் விழுந்தது. கண்ணாடி 'தொம்' என்று கதவுக்குள் இறங்கியது. யாரோ சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. "எந்தப் பக்கத்திலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஆத்தங்கரை ரோடுதானே? ஜூன் பன்னெண்டாம் தேதி மேட்டூர்ல திறந்தாச்சு. இப்ப ஆத்துல எவ்வளவு தண்ணி போகுது, பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேன் மேடம்."

"வண்டி தண்ணில இறங்கிட்டா கதவைத் திறக்க முடியாதும்மா. வெளியில இருக்கிற தண்ணி கதவைப் பிடிச்சு அழுத்தும். முதல் ஒரு நிமிஷத்துக்குள்ள கண்ணாடியை இறக்கிட்டு வெளியே வந்துடணும். தண்ணி கண்ணாடி உயரத்துக்கு ஏறிட்டா அதுவும் இறங்காது. இப்ப இந்த ஆப்பை எடுக்க உங்களுக்கு மூணு நிமிஷத்துக்கு மேலே ஆச்சு. அதுவும் இன்னொருத்தர் வந்து எடுத்தாரு."

காகிதத்தில் ஏதோ எழுதினார். 'டிரைவர் பக்கக் கண்ணாடி பழுது. சரி செய்து மீண்டும் ஆஜர் செய்யவும்.' வேறு ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, அந்த அம்மாளை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் திரும்பினேன். பிரேக்கா பிடிக்கவில்லை, விளக்கா எரியவில்லை, ஒரு கண்ணாடிக்கு இத்தனை பாடா! ஆனால் டவுனைத் தாண்டி ஆற்றங்கரை ரோட்டில் ஏறியதும் என் கண் என்னை அறியாமல் ஆற்றின் பக்கம் போயிற்று. திறந்த ஜன்னல் வழியாகத் தண்ணீரின் சத்தம் கேட்டது. எட்டு மாதமாக அந்த ரோட்டில் போய் வருகிறேன், அந்தச் சத்தமே எனக்குக் கேட்டதில்லை. கரைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் சில இடங்களில் மூன்று அடிகூட இல்லை. எதிரே வைக்கோல் ஏற்றிய லாரி வந்தால் நாம் ஒதுங்குவது அந்தப் பக்கம்தான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மாதப் பரிசோதனைக்குப் போனது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணினேன். இருபது கிலோ மீட்டர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

ராத்திரி இவர் வந்ததும் ஆரம்பித்தது. "கண்ணாடி ஏறி இறங்கினாத்தான் வண்டி ஓடுமா? ஆப்பை எடுத்தா தானே விழப்போகுது. அந்த ஆளுக்கு ரெண்டாயிரம் கொடுத்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். கண்ணாடி பண்ண மூவாயிரமாவது ஆகும்" என்றார். நான் பதிலுக்குக் குரலை உயர்த்தினேன். அவர் தட்டை நகர்த்தினார். பிரசவத்துக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோமே என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மகள் அதுவரை மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தவள், தலை நிமிராமல் சொன்னாள்: "அப்பா, மே மாசம் லேபுக்குப் போனோமே, அன்னிக்கு எனக்குக் கண்ணை இருட்டிட்டு வந்துச்சு. நான்தான் அம்மாகிட்ட அப்பாவுக்குச் சொல்லாதேன்னேன்."

அந்த நாள் எனக்கு மறக்கவில்லை. ரத்தப் பரிசோதனை ரிசல்ட் வாங்க நான் மட்டும் இறங்கிப் போனேன். மத்தியானம் பன்னிரண்டு மணி. இவளை முன் சீட்டிலேயே உட்காரச் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். முன்பெல்லாம் இப்படி யாராவது உள்ளே இருந்தால் என் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கிவிட்டுத்தான் போவேன். அன்றைக்கு அது ஆப்பில் நின்றது. இவள் பக்கத்தில் குப்பைத் தொட்டி, நாற்றம் தாங்காமல் இவளே கண்ணாடியை ஏற்றியிருந்தாள். சாவி இல்லாமல் பட்டன் வேலை செய்யாது. கதவைத் திறக்கலாம் என்றால் அந்தப் பக்கம் ஒட்டி இரண்டு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டார்கள். அந்த வயிற்றோடு என் பக்கம் தாண்டி வர முடியவில்லை. பத்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிட்டேன். முகம் ரத்தமாகச் சிவந்து, ரவிக்கை தொப்பலாக நனைந்து, உதடு வெளுத்து உட்கார்ந்திருந்தாள். நிழலுக்கு அழைத்துப் போய், முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, டாக்டரம்மாவிடம் காட்டிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டரம்மா அன்று என்னைக் கடிந்துகொண்டார். வெயிலில் மூடி நிற்கிற காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி சூடு ஏறிவிடுமாம். ஓர் அங்குலம் கண்ணாடியை இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இராதாம். கைக்குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். குழந்தை தூங்குகிறதே, எழுப்ப வேண்டாம், ஒரே ஒரு நிமிஷத்தில் மருந்து வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று விட்டுவிட்டுப் போகிற இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கலைந்தால் கலையட்டும், தூக்கிக்கொண்டே போங்கள்.

மகள் சொன்னதைக் கேட்டு இவர் ஒன்றும் பேசவில்லை. நகர்த்திய தட்டை இழுத்து வைத்துச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "நாளைக்கே பாய்கிட்ட விட்டுடு" என்றார். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்பதெல்லாம் எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பழக்கமில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டறை வைத்திருக்கிற பாய், கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கதவு என்றால் ஒரு தகரம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு பெட்டி. உள்ளே கண்ணாடியைத் தூக்குவது மோட்டார் என்றும் நினைத்திருந்தேன். மோட்டார் சும்மா சுற்றுகிறது, அவ்வளவுதான். தூக்குகிற வேலையைச் செய்வது சைக்கிள் பிரேக் ஒயர் மாதிரி ஒரு மெல்லிய கம்பிக் கயிறு. அது சின்னச் சக்கரங்களில் ஓடி, கண்ணாடியைப் பிடித்திருக்கிற கொக்கியை மேலும் கீழும் இழுக்கிறது. எங்கள் வண்டியில் அந்தக் கம்பி துருப்பிடித்து இழை இழையாக அறுந்து கிடந்தது. "பட்டனை அழுத்தினா சத்தம் வந்து, கண்ணாடி அசையலேன்னா கம்பிதான்க்கா. சத்தமே இல்லேன்னா ஃப்யூஸ், சுவிட்ச், மோட்டார் இதுல ஒண்ணு" என்று பாடம் சொன்னார் பாய். இது தெரிந்திருந்தால் இன்ஸ்பெக்டரம்மாவிடம் ஃப்யூஸ் என்று உளறியிருக்க மாட்டேன்!

துரு எப்படி வந்தது என்று கேட்டேன். மழையில் கண்ணாடி ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யுமாம். அது வெளியே போகக் கதவின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று சின்னத் துவாரங்கள் இருக்கின்றன. எங்கள் கதவில் அத்தனையும் அடைத்துக்கொண்டு, உள்ளே சேறு. பாய் ஒரு கம்பியால் நோண்டி எடுத்துத் தரையில் கொட்டினார். வாசல் புங்க மரத்தின் சருகு, ஐஸ் குச்சி நாலு, மிட்டாய்க் காகிதம், ஐம்பது பைசாக் காசு ஒன்று. கடைசியாகக் கறுப்பாக, புழு மாதிரி சுருண்டு ஒன்று விழுந்தது. பாய் அதைத் துடைத்து என் கையில் கொடுத்தார். வெள்ளிக் கொலுசு!

அந்தக் கொலுசுக்காக 2011-ல் என் மகளைக் கரண்டிக் காம்பால் அடித்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வாங்கிய புதுக் கொலுசில் ஒன்றைக் காணோம். எங்கே என்று கேட்டால், "தபால்ல போட்டுட்டேன்" என்கிறாள். என்னிடமே நையாண்டியா என்று இரண்டு வைத்தேன். உண்மையில் நிற்கிற காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடி ஓரத்து இடுக்கில் ஒவ்வொன்றாகப் போட்டுத் தபால்பெட்டி விளையாட்டு விளையாடியிருக்கிறாள். கேட்டதற்கு உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போய்க் கொலுசை அவள் கையில் கொடுத்தபோது, "நான்தான் சொன்னேனே" என்றாள். பதினாலு வருஷத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த தபாலைப் பார்த்து மூன்று பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். எனக்குத்தான் சிரிப்பின் நடுவில் அந்தக் கரண்டிக் காம்பு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

செலவு 3,150 ரூபாய். கம்பி செட்டு 1,850, கண்ணாடி ஓடுகிற ரப்பர் 600, கூலி 700. அந்த ரப்பரில் நான் கண்ணாடி வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவி வந்தேன். பாய் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப் பொதபொதவென்று ஆகும், தூசியையும் இழுத்துப் பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் போதுமாம். கதவின் அடித் துவாரத்தை மழைக் காலத்துக்கு முன் ஓர் ஈர்க்குச்சியால் குத்திவிட்டாலே பாதி வியாதி வராது. இதற்கு மெக்கானிக் வேண்டாம், நாமே செய்யலாம்.

புதுக் கம்பியை மாட்டியதும் பாய் என் காய்கறிப் பையிலிருந்து ஒரு வெண்டைக்காயைக் கேட்டு வாங்கினார். அதைக் கண்ணாடி விளிம்பில் வைத்துப் பட்டனை அழுத்தினார். கண்ணாடி நிற்கவே இல்லை. வெண்டைக்காய் நசுங்கி இரண்டாயிற்று. "பேரப்பிள்ளை வரப்போகுதுன்னீங்களே. இந்த வண்டிக்கு வெண்டைக்காய் எது, விரல் எதுன்னு தெரியாதுக்கா. பின்னாடி திரும்பிப் பார்க்காம கண்ணாடியை ஏத்தாதீங்க" என்றார். புது வண்டிகள் சிலவற்றில் எதுவும் தட்டுப்பட்டால் கண்ணாடி தானே இறங்கிவிடும் வசதி உண்டாம். பழைய வண்டிகளுக்கு நம் கண்தான்.

ஜூலை முதல் வாரத்தில் மறுபடி போனோம். அதே இன்ஸ்பெக்டரம்மா. நான் சொல்லாமலே என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கிக் காட்டினேன். "போதும்மா, பேட்டரி தீர்ந்துடும்" என்று கையெழுத்துப் போட்டார். மகளுக்கு எப்போது என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு என் மகளைத் தெரியாதே! வெள்ளைச் சட்டைக்காரர் தூரத்தில் வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

ஜூலை பதினொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை ராத்திரி. பதினொன்றரை மணிக்கு மகள் வந்து என் தோளைத் தொட்டாள். வலி எடுத்துவிட்டது. வெளியே நல்ல மழை. இவர் முன் சீட்டில் டார்ச்சோடு. மகளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் போகாமல், வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படியும்படி போட்டுவிட்டேன். வயிற்றைக் காரணம் காட்டிப் பெல்ட் போடாமல் விடக் கூடாது, இப்படித்தான் போட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்.

மழை, மூன்று பேரின் மூச்சு, பழைய வண்டியின் சோனி ஏ.சி. ஊரைத் தாண்டுவதற்குள் கண்ணாடி எல்லாம் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. எதிரே ரோடும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. இவர் துணியால் துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. நான் என் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல்கடை இறக்கினேன். இவரும் இறக்கினார். சாரல் உள்ளே வந்தது. ஆவி மெதுவாகக் கலைந்தது. வலது பக்கம் ஆறு போகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்தே கரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டு ஓட்டினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இரும்புக் கேட் மூடியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே ஷெட்டில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை முழுசாக இறக்கி, தலையை வெளியே நீட்டி, "பிரசவ கேஸ், கேட்டைத் திறங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. அவர் குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்தார்.

வண்டி உள்ளே நுழைந்ததும் மழை விழுகிறதே என்று பட்டனில் கை வைத்தேன். பின்னாலிருந்து மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏத்தாதேம்மா. காத்து வரட்டும்."

விடியற்காலை நாலே காலுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. ஆர்.சி. அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்துத் தபாலில் வந்தது. கொலுசைப் புளி போட்டுத் தேய்த்து, பெட்டியில் இருந்த ஜோடியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். குழந்தையின் காலுக்கு அது இன்னும் ரொம்பப் பெரிசு.